காவலில் இருந்தவள் எழுதிய கடிதம்

அத்தியாயம் 6

காகிதம் ஒன்றே ஒன்றுதான். படிக்க இருபது நிமிடம். குறிப்பு எடுக்கக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது, படித்ததைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. முக்கியமாக, யாரைக் காப்பாற்றுவதற்காகப் படிக்கிறார்களோ அவளிடம் சொல்லவே கூடாது. எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று இன்ஸ்பெக்டரம்மா கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே உதவியாளன் ஒட்டடையும் போட்டான்.

அவர் போலீஸ் வேலையை விட்டு ஐந்து வருடமாகிறது. இருந்தும் தெருவில் சலவைக்கடைக்காரர் முதல் கட்சிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் இன்னும் இன்ஸ்பெக்டரம்மாதான். ஒட்டடை என்பது ஆறடி இரண்டங்குல உயரத்துக்கும், அதற்குத் துளியும் பொருந்தாத எடைக்கும் சேர்த்துக் கிடைத்த பெயர். முன்பு நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவன். ஒரு சாட்சி சொன்னதை அடிக்கும்போது அடைப்புக்குறிக்குள் 'பொய்' என்று சேர்த்துவிட்டான். சாட்சி சொன்னது பொய்தான் என்று பிறகு நிரூபணமாயிற்று. போன வேலை போனதுதான்.

வழக்கு இது. வெளியுறவு அமைச்சகத்தில் பதினாறு வருடமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கும் ஒரு பெண்ணை ஒன்பது நாளைக்கு முன் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் அவளை எல்லோரும் துபாஷி என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லையில் ஏழு மாதமாக அண்டை நாட்டோடு துப்பாக்கிச் சண்டை நடந்தது. அதை நிறுத்துவதற்காக நம் தரப்பு எழுதிய ரகசிய வரைவு, அண்டை நாட்டு மொழியிலேயே, அந்த நாட்டுப் பத்திரிகை ஒன்றில் அரைப் பக்கத்துக்கு வந்துவிட்டது. கொடுத்தது யார்? அமைச்சகத்தின் கண்காணிப்பு இயந்திரத்தைக் கேட்டார்கள். செயற்கை நுண்ணறிவால் ஓடும் அது, எந்த எழுத்தைக் கொடுத்தாலும் நடையை வைத்து எழுதிய ஆளைச் சொல்லிவிடும். ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் மோப்பக்காரன். மோப்பக்காரன் இரண்டே நிமிடத்தில் பதில் சொன்னான்: துபாஷி, பொருத்தம் தொண்ணூற்றேழு விழுக்காடு.

சட்டப்படி மறுஆய்வுக் குழு ஒரே ஒரு முறைதான் கூடும். அது இன்று மாலை நான்கு மணிக்கு. அங்கே தப்பவில்லை என்றால் வழக்கு மூடிய நீதிமன்றத்துக்குப் போய்விடும். அதற்கப்புறம் குறைந்தது பத்து வருடம்.

துபாஷியின் தம்பி நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவர்தான் இன்ஸ்பெக்டரம்மாவைத் தேடி வந்தவர். சீருடையோடு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே பேசினார். அக்கா சின்னப் பொய் சொன்னால்கூடக் காது சிவந்துவிடும், இயந்திரத்துக்குக் காதைப் பார்க்கத் தெரியுமா என்று கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் சார்பாக ஒரு பிரதிநிதியும் அவருடைய உதவியாளரும் ஆதாரத்தின் சுருக்கத்தைப் பார்க்கலாம் என்று சட்டம் சொன்னது. பார்த்த நிமிடத்திலிருந்து அவர்கள் குற்றம் சாட்டப்பட்டவரிடம் பேசக் கூடாது என்றும் அதே வரி சொன்னது.

காகிதத்தில் கசிந்த வரைவின் ஒரே ஒரு வாக்கியம் அண்டை நாட்டு எழுத்தில் இருந்தது. அதில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடு. கீழே நம் மொழியில் மூன்று வரி: 'அடிக்கோடிட்ட சொல் எல்லை என்ற பொருளில் வருவது. ஊழியர்களில் இந்தச் சொல்லை ஆளும் வழக்கம் உடையவர் ஒருவரே. அமைச்சகக் கோப்புகளில் 214 இடங்களில் எழுதியிருக்கிறார்.'

இருபது நிமிடத்தையும் இன்ஸ்பெக்டரம்மா அந்த ஒரு சொல்லின் உருவத்துக்கே செலவழித்தார். அந்த மொழி அவருக்குத் தெரியாது. நான்கு எழுத்து. முதல் எழுத்து கவிழ்த்து வைத்த குடை. கடைசி எழுத்துக்கு மட்டும் இடப்பக்கம் வளைந்த வால்.

படியிறங்கும்போதே ஒட்டடை ஆரம்பித்தான். "அந்தம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டா முடிஞ்சது. அதைத்தான் கேட்கக் கூடாதாம். இப்படி ஒரு யோசனை எந்தப் புண்ணியவான் மண்டையில உதிச்சுதோ மேடம்."

"இந்தச் சட்டத்தை எழுதின குழுவுல போலீஸ் சார்பா நானும் இருந்தேன். இந்தப் பிரிவுக்குக் கை தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தி."

ஒட்டடை நாக்கைக் கடித்துக்கொண்டான். எட்டு வருடத்துக்கு முன் ஏசி அறையில், மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் தூக்கிய கை அது.

பேருந்து நிறுத்தத்தில் அவர் கேட்டார். "இருநூத்திப் பதினாலு இடம்னு எண்ணத் தெரிஞ்ச மெஷினுக்குத் தேதி போடத் தெரியாதா?"

ஒட்டடை புரிந்துகொண்டான். எத்தனை முறை என்று இருந்தது. எப்போது என்று இல்லை.

கையெழுத்தான ஒப்பந்தங்கள் ரகசியம் அல்ல. இடப்பக்கம் நம் மொழி, வலப்பக்கம் அண்டை நாட்டு மொழி என்று அரசு அச்சகம் அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிடுகிறது. பத்தரை மணிக்கு இருவரும் அச்சகத்தின் பின்கட்டில், பிழை திருத்துகிறவரின் மேஜை முன்னால் நின்றார்கள். மேஜை முழுக்கத் திருத்திய தாள்கள், அவை பறக்காமல் இருக்க மேலே உடைந்த இரும்புப் பல்சக்கரங்கள். மனிதருக்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. இருபத்தெட்டு வருடமாக இரண்டு பக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்த கழுத்து.

இன்ஸ்பெக்டரம்மா எதையும் சொல்லாமல், தொகுதிகளில் 'எல்லை' என்று வரும் இடங்களைக் காட்டச் சொன்னார். அவர் முதல் தொகுதியைப் பிரித்து, தேடாமல் விரலை வைத்தார். கவிழ்த்த குடை, வளைந்த வால். இரண்டு, மூன்று என்று ஏழாம் தொகுதி வரை அதே உருவம். எட்டாம் தொகுதியில் விரல் வைத்த இடத்தில் வேறு சொல். ஒன்பதிலும் அதுவே. பன்னிரண்டு வரை அதுவே.

அந்த மொழி தெரியுமா என்று ஒட்டடை கேட்டான்.

"ஒரு வார்த்தை தெரியாது தம்பி. எழுத்தோட முகம் தெரியும், அவ்வளவுதான்," என்றார் அவர். எட்டாம் தொகுதி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நாலு வருடத்துக்கு முன் அச்சுக்குப் போகிற கடைசி நாள் துபாஷியே மூச்சு வாங்க ஓடி வந்து, நாற்பத்தொரு இடத்தில் சிவப்பு மையால் அடித்து மாற்றினாளாம். என்ன காரணம் என்று கேட்டதற்கு, பேச்சுவார்த்தையில் எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்துவிட்டார் என்றாளாம். ஏன் சிரித்தார் என்று இவர் கேட்கவில்லை. தொகுதி அச்சுக்குப் போக வேண்டிய அவசரம். அதற்குப் பிறகு அந்தச் சொல் இந்த மேஜைக்கு வந்ததே இல்லை.

ஒட்டடையின் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. நாலு வருடமாக எழுதாத சொல்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் வேண்டுமென்றே எழுதினாள் என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டால் என்ன செய்வது? இன்ஸ்பெக்டரம்மாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் எழுதவில்லை என்றால் போதாது. வேறு யார் எழுதியது என்று காட்ட வேண்டும்.

கிளம்பும்போது பிழை திருத்துகிறவர் அலமாரியை மூடிக்கொண்டே சொன்னார், முதல் ஏழு தொகுதிகள் மட்டும் அட்டை கிழிந்து கிடப்பதற்கு மன்னிக்க வேண்டும் என்று. ஐந்து வருடத்துக்கு முன் கணினிக்காரர்கள் வந்து எடுத்துப் போய், பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, அப்படியே போட்டுவிட்டுப் போனார்களாம். கிளிக்குத் தீனி என்றார்களாம்.

கிளி என்பது அமைச்சகத்தின் மொழிபெயர்ப்பு இயந்திரம். அதுவும் செயற்கை நுண்ணறிவுதான். சொன்னதைத் திருப்பிச் சொல்வதால் அந்தப் பெயர்.

இன்ஸ்பெக்டரம்மா வாசலில் நின்றுவிட்டார். "ஏழு தொகுதி. ஏழையும் மொழிபெயர்த்தது யாரு?"

"நம்ம துபாஷியம்மா. ஏழுலயும் அவங்க பேர்தானே போட்டிருந்தது," என்றான் ஒட்டடை. பிறகு மெதுவாக, "அப்ப கிளி பேசறது யாரோட குரல் மேடம்?"

அதைச் சோதித்துப் பார்க்க ரகசிய அறை எதுவும் தேவைப்படவில்லை. அமைச்சகத்தின் தரைத்தளத்தில் பொதுமக்கள் சேவை மையம் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் வேலையோ சொந்தமோ இருப்பவர்கள் தங்கள் கடிதத்தைக் கொடுத்தால் கிளி மொழிபெயர்த்துத் தரும். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், திருமணப் பதிவு என்று வரிசை நகர்ந்தது. ஒட்டடை நின்றபடியே ஒரு கடிதம் எழுதினான். பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்துகொண்டே ஆள் வைத்து வீட்டு எல்லைச் சுவரை ஒரு சாண் தள்ளிக் கட்டிவிட்டார், எல்லை என்றால் எல்லைதான், எங்கள் தாத்தா எல்லை தெரிந்தே வீடு கட்டினார், எல்லை மீறினால் நானும் எல்லை மீறுவேன். ஐந்து வரியில் ஆறு எல்லை.

சாளரத்தில் இருந்த பெண் பெருமையாகச் சொன்னாள், மேலே அமைச்சருக்கு மொழிபெயர்ப்பதும் இதே இயந்திரம்தான், உங்களுக்கும் அதே தரம்தான் என்று. தாள் வெளியே வந்தது. இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கவிழ்த்த குடை, வளைந்த வால். ஆறு இடத்திலும்.

அவர் தாளை மடித்துப் பையில் வைப்பதற்குள் இரண்டு காவலர்கள் வந்து ஒட்டடையின் இரு பக்கமும் நின்றார்கள். ஒருவர் கையில் அச்சிட்ட சீட்டு. துபாஷியின் நடையில் கட்டடத்துக்குள் எந்த வரி உருவானாலும் எச்சரிக்கும்படி ஒன்பது நாளாக மோப்பக்காரனுக்குக் கட்டளையாம். பெயரும் எண்ணும் மட்டும் உள்ள சான்றிதழ்களை அவன் கண்டுகொள்வதில்லையாம், முழு வாக்கியங்களோடு வந்தது இந்தக் கடிதம்தானாம். சட்டப்படி எச்சரிக்கையின் நகல் ஒன்றைச் சம்பந்தப்பட்டவரிடம் கொடுத்தாக வேண்டும். அந்த ஒரு வரியை எட்டு வருடத்துக்கு முன் குழுவில் சண்டை போட்டுச் சேர்க்கவைத்தது இன்ஸ்பெக்டரம்மாதான். அவர் அந்தச் சட்டத்தில் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய ஒரே இடமும் அதுதான்.

சீட்டில் இப்படி இருந்தது: 'நேரம் 12.40. இடம் தரைத்தளம். எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், வெளியுறவு அமைச்சகம். பொருத்தம் 96 விழுக்காடு. பரிந்துரை: உடனடிக் காவல்.'

ஒட்டடை அதை இரண்டு முறை படித்தான். "உள்ள இருக்கிற அம்மா எங்க வீட்டுச் சுவரைப் பத்தி எப்ப மேடம் எழுதினாங்க? இப்ப அவங்களை மறுபடியும் உள்ள போடணும்னா, உள்ளுக்குள்ள இன்னொரு அறை கட்டணுமே."

காவலர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணின் குரலை அவளுக்கே தெரியாமல் எடுத்து ஓர் இயந்திரத்துக்கு வைத்தார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் இன்னோர் இயந்திரம் அவளைக் கை காட்டியது. நடுவில் எந்த மனிதனும் நின்று யோசிக்கவில்லை. யோசிக்கவில்லையா, அல்லது யோசித்துவிட்டுச் சும்மா இருந்தார்களா?

பதில் மூன்றாம் மாடியில் கிடைத்தது. மோப்பக்காரனுக்குப் பொறுப்பான துணைச் செயலர் இருவரையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார். ஐம்பது வயதுக்காரர், நேர்த்தியான சட்டை, பல நாள் தூங்காத கண். சீட்டைப் பார்த்தார், ஒட்டடையின் கடிதத்தைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"நான் இப்ப ஒண்ணு சொல்லப் போறேன். கேட்டதுக்கு அப்புறம், காலையில நீங்க போட்ட கையெழுத்துப்படி, அதை யார்கிட்டயும் சொல்ல முடியாது," என்றார்.

"அப்ப சொல்லாதீங்க," என்று இன்ஸ்பெக்டரம்மா எழுந்தார்.

"உங்க வாயைக் கட்டத்தான் மேடம் சொல்றேன். அந்த வரைவை அனுப்பினது நான்."

காதைப் பொத்துவதற்குக்கூட நேரம் கொடுக்கவில்லையே என்று ஒட்டடை முணுமுணுத்தான்.

துணைச் செயலர் நிறுத்தாமல் சொல்லி முடித்தார். எல்லையில் நாளொன்றுக்கு இருபது பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். நேரடியாகப் பேச இரண்டு அரசாங்கத்துக்கும் முகம் இல்லை. மேலிடத்திலிருந்து வாய்வார்த்தையாக ஓர் அனுமதி, காகிதத்தில் எதுவும் இல்லை. மனிதர் யாரையும் நம்பத் துணியாமல் வரைவைத் தானே கிளியிடம் கொடுத்து மொழிபெயர்த்து, ஒரு விருந்தில் எதிர்த்தரப்புத் தூதரின் கையில் வைத்தார். பன்னிரண்டு நாளைக்கு முன்பு. மறுநாள் காலையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அதற்கு அடுத்த நாள் அந்தப் பக்கத்தில் யாரோ பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார்கள். மோப்பக்காரன் துபாஷியைச் சொன்னான். இவர் வாயைத் திறக்கவில்லை. நாளை எதிர்த்தரப்புக் குழு வருகிறது, நாளை மறுநாள் கையெழுத்து. அனுப்பியது அரசாங்கமே என்று இப்போது வெளியே வந்தால் இரண்டு பக்கத்திலும் கூச்சல் எழும், கையெழுத்து நடக்காது.

"ஒருத்தர் உள்ள இருக்கறதால ஒரு நாளைக்கு இருபது பேர் உயிரோட இருக்காங்க. இதை நான் தினமும் கணக்குப் போட்டுத்தான் படுக்கறேன் மேடம்," என்றார். பிறகு, கையெழுத்து முடிந்ததும் ஆறு மாதத்தில் சத்தமில்லாமல் அவளை வெளியே விட்டுவிடுவதாகவும் சொன்னார். அவர் பொய் சொல்வதாக இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

மாடிப்படி வளைவில் இருவரும் நின்றார்கள். சொன்னால் இவர்களுக்குச் சிறை. அது கிடக்கட்டும். சொல்லி, நாளைக்கு மறுபடியும் துப்பாக்கி வெடித்தால்? இன்ஸ்பெக்டரம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். கசங்கிய தொப்பி ஒன்று கண்ணுக்குள் வந்து நின்றது.

"அந்தச் சீட்டு கைக்கு வந்தது எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு நாற்பது."

"அவர் வாயைத் திறந்தது?"

ஒட்டடை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஒண்ணேகாலுக்கு மேல. அப்ப மேடம், சீட்டு ரகசியம் இல்லை."

"இல்லை. யார் அனுப்பினதுன்னு நாம சொல்ல வேண்டாம். அவள் இல்லைன்னு சொன்னா போதும்."

நான்கு மணிக்கு ஜன்னல் இல்லாத கூடத்தில் குழு கூடியது. மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி. அரசுத் தரப்பில் துணைச் செயலரே வந்து உட்கார்ந்தார். துபாஷியை அழைத்து வந்தார்கள். நாற்பது வயதுக்கு மேல், சின்ன உருவம், தலைமுடியை நாடாவுக்குப் பதிலாகக் கிழித்த துணியால் கட்டியிருந்தாள். இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்துக் கேள்வியாகத் தலையசைத்தாள். பதிலுக்குத் தலையசைப்பதும் பேச்சில் சேருமா என்று தெரியாமல் இன்ஸ்பெக்டரம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அவர் அதிகம் பேசவில்லை. சீட்டை மேஜையில் வைத்தார். இன்று பன்னிரண்டு நாற்பதுக்குத் துபாஷி எங்கே இருந்தார் என்று மட்டும் கேட்டார். தலைவர் சீட்டையும் ஒட்டடையின் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு அங்கத்தினர்களும் எட்டிப் பார்த்தார்கள். எல்லை மீறினால் நானும் எல்லை மீறுவேன் என்ற வரியில் தலைவரின் புருவம் சற்று உயர்ந்தது. இயந்திரம் அடையாளம் காட்டுவது இந்தப் பெண்ணையா அல்லது இன்னோர் இயந்திரத்தையா என்று துணைச் செயலரைக் கேட்டார். துணைச் செயலர், தொழில்நுட்ப விஷயம், அவகாசம் வேண்டும் என்றார்.

தலைவர் யோசித்தார். ஆதாரத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தலைவர் விரும்பினால் காட்டலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. எட்டு வருடத்தில் யாரும் விரும்பியதில்லை. இவர் கசிந்த வாக்கியம் இருந்த காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். துணைச் செயலர் எழுந்து ஆட்சேபித்தார். தலைவர் அவரைப் பார்க்கவில்லை. "அம்மா, இது உங்க எழுத்தா?"

துபாஷி படித்தாள். ஒரே வாக்கியம்தான், ஆனால் படித்து முடிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இது கிளி சார். நான் இந்தச் சொல்லை விட்டு நாலு வருஷமாச்சு," என்றாள். பிறகு நிமிர்ந்தாள். முகத்தில் நிம்மதியைக் காணோம். "இது யார் கைக்குப் போச்சு?"

தலைவர் துணைச் செயலரைத் திரும்பிப் பார்த்தார்.

"இதைப் படிச்சுட்டு அவங்க சுடறதை நிறுத்தினாங்களா? இன்னும் நின்னபடியே இருக்கா?"

ஒன்பது நாளாக அவளுக்கு ஒரு செய்தியும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நின்று பதினோரு நாளாகிறது, மறுபடி தொடங்கவில்லை என்று தலைவர் சொன்னார். துபாஷி இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டாள்.

"நம்ம வரைவுல என்ன இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். எல்லையை ரெண்டு தரப்பும் சேர்ந்து பராமரிக்கும். அவ்வளவுதான். அகராதியில பார்த்தா இந்தச் சொல்லுக்கு எல்லைன்னுதான் போட்டிருக்கும். ஆனா அவங்க பேச்சுல இது எல்லை இல்லை சார், வரப்பு. ஆத்தங்கரை வயல்ல வெள்ளம் வடிஞ்சதும் வருஷா வருஷம் புதுசா அளந்து போடற வரப்பு. நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் இதைச் சொன்னப்ப, அப்ப அடுத்த வெள்ளத்துக்கு அளந்துடலாமான்னு கேட்டுட்டு அவங்க ஆள் சிரிச்சார். அன்னிக்கு அது வேடிக்கையாப் போச்சு. இதுல வேடிக்கை இல்லை. நிலத்தை மறுபடியும் அளக்கச் சம்மதம்னு நாம எழுதிக் கொடுத்திருக்கோம். அதை நம்பித்தான் அவங்க சுடறதை நிறுத்தியிருக்காங்க."

இன்ஸ்பெக்டரம்மா துணைச் செயலரைப் பார்த்தார். ஒன்பது நாளாகத் தினமும் கணக்குப் போட்டுப் படுத்த மனிதர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, அடிக்கோடிட்ட சொல்லையே பார்த்தார். நாளை வரும் குழு அளவுகோலோடு வரும். நம் தரப்பு விழிக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர்கள் திரும்பிப் போவார்கள். அதற்குப் பிறகு நாளொன்றுக்கு இருபது பேரோடு நிற்காது. இதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆளைத்தான் ஒன்பது நாளாகப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அவளை உடனே விடுவிக்கத் தலைவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். காவலைத் தொடரலாம் என்று ஒரு பிரிவு, நீட்டிக்கலாம் என்று ஒரு பிரிவு. முடிக்கும் அதிகாரம் காவலுக்கு உத்தரவிட்ட அதிகாரிக்கு மட்டும்தான் இருந்தது. அது துணைச் செயலர். படிவத்தைக் கொண்டுவந்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக் காலை எட்டு மணிக்கு வாகனம் வரும் என்று துபாஷியிடம் சொன்னார்.

துபாஷி படிவத்தை வாங்கிப் பார்த்தாள். "காரணம்னு ஒரு கட்டம் காலியா இருக்கே."

அதை அப்புறம் நிரப்பலாம் என்றார் அவர்.

"இப்பவே நிரப்புங்க சார். இல்லைன்னா நான் நாளைக்கு அங்க விட்டுவெச்ச கைதியா உட்காரணும். அவங்க என் வாயைப் பார்த்துத்தான் நம்பணும்."

துணைச் செயலர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். கூடத்தில் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் மூன்று சொல் எழுதினார்: 'ஆவணத்தை அனுப்பியவன் நான்.' எழுதிவிட்டுச் சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, ஈர மை படாமல் படிவத்தின் மேலேயே வைத்தார்.

மறுநாள் பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு முன்பே துபாஷி எழுந்து, அந்தச் சொல் தவறு என்று அவர்கள் மொழியில் சொன்னாள். எதிர்த்தரப்புத் தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். அன்று மாலை ஒரே ஒரு சாவடியில் சுட்டார்கள். நம் பக்கம் மூன்று பேர், அவர்கள் பக்கம் இரண்டு. இன்ஸ்பெக்டரம்மா அந்தச் செய்தியைத் துபாஷியின் தம்பி ஓட்டிய பேருந்திலேயே வானொலியில் கேட்டார். தம்பி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் எதிர்த்தரப்புக் குழு திரும்பி வந்தது. பேச்சு நடக்கிறது. கையெழுத்து இன்னும் ஆகவில்லை. துணைச் செயலரை அதே சட்டத்தில், அதே கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். பிரதிநிதியின் பெயரைக் கேட்கும் கட்டத்தில் அவர் இன்ஸ்பெக்டரம்மாவின் பெயரை எழுதியிருந்தார். அதைத் தெரிவித்து வந்த கடிதம் நாலு நாளாக இவர் மேஜையில் பதில் இல்லாமல் கிடந்தது.

விடுதலையான எட்டாம் நாள் காலையில் துபாஷி இன்ஸ்பெக்டரம்மாவின் அலுவலகத்துக்கு வந்தாள். நன்றி சொல்லிவிட்டு உடனே விஷயத்துக்கு வந்தாள். கிளியை நிறுத்தவில்லையாம். தவறு நேராமல் இருக்க எட்டு முதல் பன்னிரண்டு வரை மிச்சத் தொகுதிகளையும் அதற்குக் கொடுத்துவிட்டார்களாம். மோப்பக்காரனும் வழக்கம்போல வேலையில் இருக்கிறான்.

ஒட்டடை நாற்காலியை இழுத்துப் போட்டான். "அதாவது, இப்ப கிளி அச்சு அசலா நீங்கதான்."

"ஆமா. நாளைக்கு வேற யாராவது நிஜமாவே எதையாவது அனுப்பினா, அது நான் இல்லைன்னு எதை வெச்சுக் காட்டுவீங்க மேடம்?"

பதிலுக்குக் காத்திராமல் துபாஷி கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினாள். உள்ளே அண்டை நாட்டு எழுத்தில் ஒரே ஒரு சொல், கீழே இன்றைய தேதி, அவள் கையெழுத்து. அந்த மொழியில் 'ஆனால்' என்பதற்கு மூன்று சொல் உண்டாம். ஒன்று கறாரானது, ஒன்று கோபமானது. இது மூன்றாவது, எதிராளியின் மனம் நோகாமல் மறுப்புச் சொல்ல உதவுவது. பதினாறு வருடத்தில் அவள் அதிகம் பயன்படுத்தியது அதுதானாம். இன்று முதல் அதை எந்த இடத்திலும் எழுதப்போவதில்லை, பேசப்போவதுமில்லை. கிளி எழுதிக்கொண்டே இருக்கும். இனி இந்தச் சொல் வரும் தாள் அவளுடையது அல்ல.

"இது இல்லாம இந்த மாதிரிப் பேச்சுவார்த்தை பேச முடியுமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

"கஷ்டம்தான். நேத்தே ரெண்டு இடத்துல தடுமாறிட்டேன்," என்றாள் துபாஷி.

இன்ஸ்பெக்டரம்மா உறையை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பதினொரு மணி அமர்வுக்கு நேரமாகிறது என்று துபாஷி கிளம்பினாள். படியில் இறங்கும்போது அவள் மற்ற இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றி மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவது, கதவு திறந்திருந்ததால், கீழ்ப்படி வரை கேட்டது.